டாக்டரம்மாவைக் கேளுங்கள்: சாக்லேட் கட்டி, டெலோமரேஸ், குழந்தை

போன இதழில் சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டி) பற்றி நாலே நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால், கடலூர் - புதுச்சேரிப் பக்கம் தெருவுக்கு ஒருத்தியாவது மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள் என்று தெரிகிறது. அதனால் சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 31 வயது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்தே பீரியட்ஸ் சமயத்தில் தாங்க முடியாத வலி. இப்போது ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஐ.யு.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) இரண்டு முறை செய்தும் கரு நிற்கவில்லை. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் கொழுந்தனார், "அண்ணி, இதுக்கெல்லாம் டெலோமரேஸ்னு ஒரு என்சைம்தான் காரணம், அதை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்கிறார். மாமியாரோ, "வயித்துவலி யாருக்குத்தான் இல்ல" என்கிறார். யார் சொல்வதை நம்புவது? - பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மாமியார் சொல்வது தப்பு, அதை முதலில் முடித்துவிடுவோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைக்கிற வலி, வாந்தி வர வைக்கிற வலி, தாம்பத்தியத்தின்போதும் மலம் கழிக்கும்போதும் குத்துகிற வலி, இதெல்லாம் "எல்லாருக்கும் வருகிறது" இல்லை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலம் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இருக்கிறது, உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கு இருந்தும் நோயைக் கண்டுபிடிக்கவே பல வருஷங்கள் ஆகின்றன என்றால் அதற்குப் பெரிய காரணம் இந்த "யாருக்குத்தான் இல்ல" என்கிற பேச்சுதான். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் ஒரு காலத்தில் இதையேதான் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கொழுந்தனார் விஷயத்துக்கு வருவோம். பையன் படித்திருக்கிறான், பாதி சரியாகவே சொல்கிறான்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம்கள் இருக்கின்றன இல்லையா, அவற்றின் இரண்டு முனைகளிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்கிற ஆறெழுத்து டி.என்.ஏ. வரிசை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும். அந்த முனைப் பகுதிதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் இதில் ஐம்பது, நூறு எழுத்து என்று கொஞ்சம் குறைந்துகொண்டே போகும். ரொம்பவும் குறைந்துவிட்டால் அந்தச் செல் அதற்கு மேல் பிரியாது, கிழடாகி நின்றுவிடும். குறைந்ததைத் திரும்ப எழுதிச் சேர்க்கிற என்சைம்தான் டெலோமரேஸ். 1984இல் அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்பர்னும் அவருடைய மாணவி கரோல் கிரெய்டரும் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரில் இதைக் கண்டுபிடித்தார்கள். 2009இல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து இவர்களுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

வளர்ந்த மனிதரின் பெரும்பாலான செல்களில் இந்த என்சைம் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டுதான் இருக்கும். விழித்திருக்கும் இடங்கள் சில: விந்தணு உருவாகும் செல்கள், கரு, ரத்தத்தில் சில செல்கள், அப்புறம் கருப்பையின் உட்படலம். ஏன் கருப்பை? யோசித்துப் பாருங்கள், ஒரு பெண்ணின் வாழ்நாளில் அந்த உட்படலம் சுமார் 400 முறை உதிர்ந்து, உதிர்ந்த வேகத்தில் திரும்ப வளர்கிறது. உடம்பில் வேறு எந்த இடத்திலும் இப்படி மாதாமாதம் இடித்துக் கட்டும் வேலை நடப்பதில்லை. டெலோமரேஸ் இல்லாமல் அந்தச் செல்களால் அத்தனை தடவை பிரிய முடியாது. ஆகவே டெலோமரேஸ் உங்களுக்கு எதிரி இல்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேற்கொண்டு சொல்வது குழப்பும்.

சிக்கல் எங்கே என்றால், நேரத்தில்தான். மாதவிடாய் முடிந்த முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும், உட்படலம் வளரும், டெலோமரேஸும் கூடவே ஏறும். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து, போதும் வளர்ந்தது, இனி கருவை வாங்கிக்கொள்ளத் தயாராகு என்று அந்தப் படலத்தை மாற்றும். கருமுட்டை வெளியாகி ஆறிலிருந்து பத்து நாளுக்குள், அதாவது 28 நாள் கணக்கு உள்ளவர்களுக்குச் சுமார் 20ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை, கரு வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் ஆரோக்கியமான உட்படலத்தில் டெலோமரேஸ் நன்றாக இறங்கியிருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் அது அப்படி இறங்குவதில்லை என்பதுதான் செய்தி. 2007இல் கொரியாவிலிருந்து ஓர் ஆய்வு, இந்த நோயாளிகளின் உட்படலத்தில் டெலோமரேஸ் கூடுதலாக இருக்கிறது என்றது. 2008இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் தாரணி ஹபங்கம குழுவினர், மாதத்தின் பிற்பாதியிலும் அது அடங்காமல் இருக்கிறது, கரு ஒட்டும் நாட்களில் டெலோமியர்களும் நீளமாகவே இருக்கின்றன என்று எழுதினார்கள். நம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள், நாற்று நட ஆள் வந்து நிற்கும்போதும் ஏர் ஓட்டிக்கொண்டே இருந்தால் நடவு எப்படிப் பிடிக்கும்?

ஏன் அடங்குவதில்லை என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் உட்படலம் புரோஜெஸ்ட்ரோன் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாக இருக்கும், ரிப்போர்ட் பார்த்தால் நார்மல் என்று வரும், ஆனால் திசு அசையாது. போதாததற்கு நோயுள்ள திசு தானே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்ளும். டெலோமரேஸைத் தூண்டிவிடும் ஹார்மோன் கூடுதல், அடக்க வேண்டிய ஹார்மோனின் பேச்சு எடுபடவில்லை, அப்புறம் எப்படி அடங்கும்?

இன்னொரு கோணமும் உண்டு. மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது மிகப் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, 1920களிலேயே சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை வைத்துத்தான் இந்த நோய்க்கு விளக்கம் கொடுத்தார். ஆனால் நோய் வருவது பத்தில் ஒருத்திக்கு மட்டும்தானே, மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? தவறான இடத்தில் போய் விழுந்த செல்களுக்கு இன்னும் பல முறை பிரியும் தெம்பு மிச்சம் இருந்தால், அவை சினைப்பையிலும் குடல் மேலும் வேர்விட்டு வளர்வது எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இது நியாயமான யோசனையாகத்தான் படுகிறது. யோசனை என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் என்று சொல்லவில்லை.

இதுவரை கொழுந்தனார் பாஸ். "இதுதான் காரணம்" என்ற இடத்தில்தான் அவர் அவசரப்படுகிறார். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். டெலோமரேஸ் அடங்காததால் கரு ஒட்டவில்லையா, அல்லது புரோஜெஸ்ட்ரோனைக் கேட்காத திசுவில் தெரிகிற பல அறிகுறிகளில் இதுவும் ஒன்றா என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை. ஆய்வுகளில் இருந்த பெண்களின் எண்ணிக்கையும் சிறியது. டெலோமியர் நீளத்தைப் பொறுத்தவரை எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவும் இல்லை, மாதத்தின் எந்த நாளில் திசு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அளவு மாறிவிடும். அதோடு இந்த நோயில் கரு தரிக்காமல் போக வேறு எத்தனையோ வழிகள் இருக்கின்றன: குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம், கட்டி சினைமுட்டைகளைத் தின்றிருக்கலாம், வயிற்றுக்குள் இருக்கும் அழற்சி முட்டையையும் விந்தணுவையும் பாதிக்கலாம், கூடவே அடினோமயோசிஸ் (உட்படலத் திசு கருப்பைச் சுவருக்குள்ளேயே வளர்வது) இருக்கலாம், வலிக்குப் பயந்து கணவனும் மனைவியும் சேர்வதே குறைந்துபோகலாம் (இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, நான் கேட்டுத்தான் வாங்குவேன்).

டெஸ்ட் பண்ணலாமா என்றால், வேண்டாம். சிகிச்சையை முடிவு செய்ய உதவும் டெலோமரேஸ் டெஸ்ட் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது, அது ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் இதில் போடுங்கள்: முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை, சினைப்பையில் எத்தனை சிறு முட்டைப் பைகள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணும் ஸ்கேன், குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, உங்கள் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. கடைசியில் சொன்னது இன்னும் நடக்கவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

கட்டியை எடுத்துவிட்டால் கரு நிற்கும் என்று யாராவது ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தினால், சினைப்பையில் முட்டை எவ்வளவு குறையும் என்று எதிர்க் கேள்வி கேளுங்கள். கட்டியை உரித்து எடுக்கும்போது நல்ல திசுவும் கூடவே கொஞ்சம் வந்துவிடும், ஏ.எம்.எச். இறங்கும். ஐரோப்பிய மகப்பேறு நிபுணர்களின் 2022 வழிகாட்டுதல், குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் ஐ.வி.எஃப்.க்கு (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப வைக்கும் சிகிச்சை) முன்னால் இந்தக் கட்டியை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறது. வலி தாங்க முடியவில்லை, அல்லது முட்டை எடுக்கக் கட்டி வழிமறிக்கிறது என்றால் அது வேறு கணக்கு. அதேபோல் டயனோஜெஸ்ட் மாதிரி ஹார்மோன் மாத்திரைகள் வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் சாப்பிடும் காலத்தில் முட்டை வெளியாவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆறு மாதம் இதைச் சாப்பிட்டால் கர்ப்பம் எளிதில் நிற்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 31 வயது, நாலு வருஷம், இரண்டு ஐ.யு.ஐ. முடிந்தது என்றால் ஐ.வி.எஃப். பற்றி உங்கள் டாக்டரிடம் நேரடியாகப் பேசும் கட்டம் வந்துவிட்டது. மூன்றாவது, நாலாவது ஐ.யு.ஐ. என்று இழுக்கச் சொன்னால் எதற்காக என்று கேளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு எண்டோமெட்ரியோசிஸ். எங்கள் உறவுக்காரர் ஒருவர் டெலோமரேஸைக் கூட்டும் கேப்ஸ்யூல் என்று ஒன்று விற்கிறார். இளமையும் திரும்பும், குழந்தையும் நிற்கும், நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு என்கிறார். மாதம் எட்டாயிரம் ரூபாய். வாங்கலாமா மேடம்? - ஒரு கணவர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம் தம்பி. நோபல் பரிசு கொடுத்தது என்சைமைக் கண்டுபிடித்ததற்கு, உங்கள் உறவுக்காரரின் டப்பாவுக்கு இல்லை.

மேலே எழுதியதைப் படித்திருந்தால் இதில் உள்ள வேடிக்கை உங்களுக்கே புரியும். உங்கள் மனைவியின் கருப்பையில் டெலோமரேஸ் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது என்றுதானே சந்தேகம், அதைக் கூட்டுகிற மருந்தை விலை கொடுத்து வாங்கி ஊற்றுவானேன்? சரி, அப்படியென்றால் குறைக்கிற மருந்து கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. சினைமுட்டையைச் சுற்றி இருந்து அதைப் போஷிக்கிற செல்களில் கதை தலைகீழ். சினைப்பை சீக்கிரமே தளர்ந்துபோன பெண்களிடம் அந்தச் செல்களில் டெலோமரேஸ் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே பெண்ணின் உடம்பில் ஓரிடத்தில் இறங்க வேண்டும், இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். வாய்வழியாகப் போடும் கேப்ஸ்யூலுக்கு இந்த விலாசம் எல்லாம் எப்படித் தெரியும்?

டெலோமரேஸை அடக்கும் மருந்து ஒன்று நிஜமாகவே இருக்கிறது, பெயர் இமெடெல்ஸ்டாட். 2024 ஜூன் மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்தசோகை வரும் ஒரு வகை நோய்க்கு. அது வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் இறக்கும், வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஆபத்து. குழந்தைக்காக முயற்சி செய்கிறவர் அதன் பக்கமே போகக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸுக்கு அது மருந்தும் இல்லை.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்று அவர் காட்டுவார். அது உணவுப் பொருளுக்கான உரிமம், நோயைக் குணமாக்கும் என்ற சான்றிதழ் இல்லை. எட்டாயிரத்தை அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள், ஐ.வி.எஃப்.க்கு ஆகும்.

கேள்வி: புற்றுநோய் செல்களில்தான் டெலோமரேஸ் அதிகம் என்று பாடத்தில் படித்தேன். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. அப்படியென்றால் இது ஒருவகைப் புற்றுநோயா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. - கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: இல்லைம்மா, தூங்குங்கள். புற்றுநோய்க் கட்டிகளில் 85 முதல் 90 சதவீதம் டெலோமரேஸைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் டெலோமரேஸ் இருக்கிற இடமெல்லாம் புற்றுநோய் இல்லை, அப்படிப் பார்த்தால் எந்தப் பெண்ணின் கருப்பையும் மாதத்தில் முதல் இரண்டு வாரம் புற்றுநோயாகிவிடும். சினைப்பைப் புற்றுநோய் வாழ்நாளில் வரும் வாய்ப்பு பொதுவாகப் பெண்களுக்கு 1.3 சதவீதம் என்றால், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அது சுமார் 2 முதல் 2.5 சதவீதம். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நூறு பேரில் 97 பேருக்கு மேல் அது வருவதே இல்லை. சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சி.ஏ.125 என்று ஒரு ரத்தப் பரிசோதனையை நீங்களே போய் எடுத்துப் பார்க்காதீர்கள். எண்டோமெட்ரியோசிஸிலேயே அது ஏறும், மாதவிடாய் நாளில் எடுத்தாலும் ஏறும், ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னும் நாலு நாள் தூக்கம் போகும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மாதாமாதம் வலியில் துடிக்கிறாள். கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். இப்போதே மாப்பிள்ளை பார்க்கட்டுமா? - ஒரு தாய், பண்ருட்டி அருகே

பதில்: 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மருத்துவப்படியும் கர்ப்பம் இதற்கு மருந்து இல்லை. மாதவிடாய் நிற்கிற மாதங்களில் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்ப வரும், அப்போது இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும். மகளை மகளிர் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமாகாது, வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். ஹார்மோன் மாத்திரை கொடுத்தால், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள், நிறுத்தியதும் மாதச் சுழற்சி பழையபடி வந்துவிடும். பரீட்சை நேரம் வேறு, பாவம் பிள்ளை.

கேள்வி: முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் டெலோமியர் நீளம் பார்த்து உடம்பின் வயதைச் சொல்கிறார்களாம். ஐ.வி.எஃப்.க்கு முன்னால் எடுத்துக்கொள்ளட்டுமா? - வாசகி, பாகூர்

பதில்: ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் அளப்பதை வைத்துக் கருப்பைக்கோ சினைப்பைக்கோ ஜோசியம் சொல்ல முடியாது. நீளமாக இருந்தால் நல்லது என்ற கணக்கும் இங்கே செல்லாது, அதைத்தான் முதல் பதிலில் பார்த்தோமே. ஐ.வி.எஃப்.க்கு முக்கியமான வயது உங்கள் ஆதார் அட்டையில் இருக்கிறது, அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: இந்த டெலோமரேஸ் மாதிரி ஆராய்ச்சிக்கு என் கருப்பைத் திசுவைக் கொடுக்கலாமா? லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்யப் போகிறேன், கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். - ஆசிரியை, கடலூர் முதுநகர்

பதில்: கேட்டதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. இந்த ஆய்வுகள் தள்ளாடுவதற்கு ஒரு காரணம் போதிய திசு கிடைக்காததுதான், அதிலும் நம் பெண்களிடமிருந்து ரொம்பக் குறைவு. மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) இனப்பெருக்க ஆரோக்கிய நிறுவனம் இந்தியப் பெண்களின் எண்டோமெட்ரியோசிஸ் பற்றித் தனியாக ஆய்வு நடத்துகிறது. ஜிப்மர் மாதிரி கற்பிக்கும் மருத்துவமனையில் ஆபரேஷன் என்றால் உங்களிடமும் கேட்க வாய்ப்பு உண்டு.

கொடுக்கலாம், சில விஷயம் பார்த்துக்கொண்டு. தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், ஆபரேஷன் மேஜைக்குப் போகும் வழியில் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், முந்தின நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. மாட்டேன் என்று சொன்னாலும் சிகிச்சையில் வித்தியாசம் காட்டக் கூடாது, கொடுத்த பிறகு மனம் மாறினாலும் விலகிக்கொள்ளலாம். கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது, என்ன ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், தேதி தெரியாத திசுவால் இந்த ஆய்வுக்குப் பாதிப் பிரயோஜனம்தான். லேப்ராஸ்கோப்பி அல்லாமல், இயற்கையாகக் கருத்தரிக்க முயற்சி செய்யும் மாதத்தில் கருப்பையிலிருந்து தனியாகத் திசு எடுக்கக் கேட்டால் மட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் குறிப்பையும் வீடியோ பதிவையும் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.